பழைய இரட்டைக்குழல்: ஒரு குழல் மட்டும் வெடிக்க மறுத்தால்

பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி வாங்கலாமா என்று நண்பர் கேட்டதால் இது. ஆன்சன்-டீலி வகை (சுத்தி வெளியே தெரியாமல் பொறிக்குள் இருக்கும் அமைப்பு) பழைய 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி தோளில் வந்து அமரும் அழகைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வைத்திருப்பவரைப் படுத்துவது ஒன்றுதான்: வலது குழல் வெடிக்கும், இடது குழல் 'டிக்' என்று நின்றுவிடும்.

உடனே ஸ்பிரிங் போய்விட்டது என்று ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்களே, அதுதான் கோபம் வருகிறது. முதலில் துப்பாக்கியைத் திறக்கவே கூடாது. பாதுகாப்பான திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு தோட்டாவை எடுத்து அதன் கேப்பை, அதாவது அடிப்பக்க நடுவில் ஊசி அடித்துத் தீப்பற்றும் சிறு மூடியை, பாருங்கள்.

ஊசி அடித்த பள்ளம் நடுவில், வலது குழலில் விழுவதைப் போலவே ஆழமாக இருந்தால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். கேப்பில் ஈரமோ எண்ணெயோ இறங்கியிருக்கலாம். ஓரமாக விழுந்திருந்தால் குழல் கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலோட்டமான பள்ளம் என்றால், ஸ்பிரிங்குக்கு முன் பொறிக்குள் இருக்கும் பழைய எண்ணெயைச் சந்தேகியுங்கள். ஆண்டுக்கணக்கில் விட்ட எண்ணெய் அரக்குபோல் இறுகி, சுத்தியின் வேகத்தைத் தின்றுவிடும். குளிர்ந்த காலையில் மட்டும் தகராறு என்றால் அநேகமாக இதுதான். பொறியை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். துப்பாக்கியைக் குழலின் வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி சாத்தி வைத்தால் குழலில் பூசிய எண்ணெய் பொறிக்குள் இறங்காது.

கழுவியும் மாறவில்லையென்றால் கேப்பை அடிக்கும் ஊசியைப் பாருங்கள். இந்த வகையில் பலவற்றில் சுத்தியும் ஊசியும் ஒரே துண்டு. முனை தேய்ந்தால் பற்றவைத்து மறுபடி வடிவமைக்க வேண்டும், அல்லது முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். முனை அரை உருண்டையாகவே இருக்க வேண்டும். அரத்தால் கூராக்கினால் அது கேப்பைத் துளைத்து, சூடான வாயுவைப் பின்பக்கம் விட்டுவிடும். தோட்டாவின் விளிம்பு அமரும் பள்ளம் தேய்ந்து ஆழமாகியிருந்தாலும் இதே தொல்லை: அடி விழும்போது தோட்டா முன்னே நழுவுகிறது, அடியின் பலம் குறைகிறது.

கடைசியில்தான் ஸ்பிரிங். 'வி' வடிவத் தகடு அது; இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாமல் நெம்பினால் முறியும், கையையும் கிழிக்கும்.

இன்னொன்று: குழலில் தோட்டா அமரும் அறை 65 மி.மீ. என்றால் 70 மி.மீ. தோட்டாவும் உள்ளே போகும். போடாதீர்கள். தோட்டாவின் முன்முனை மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

ஒழுங்காக வெடிக்கும் நாளில் இதற்கு இணை இல்லை. ஆனாலும் வாங்காதீர்கள். சுத்தியும் ஸ்பிரிங்கும் கையால் செய்து பொருத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.