டூ-லெட் போர்டு, ஆப், புரோக்கர்: எந்த வழியில் தேடினால் எந்த வீடு?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் நங்கநல்லூரா மடிப்பாக்கமா, பெருங்குடியா மேடவாக்கமா என்று ஏரியாவைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எந்த வழியில் தேடுவது என்று யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஆனால் ஒரே ஏரியாவில் ஆப்பில் தேடுபவருக்குக் கிடைக்கும் வீடு வேறு, தெருவில் நடப்பவருக்குக் கிடைக்கும் வீடு வேறு. வீட்டைக் கொடுப்பவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதுதான் காரணம்.

நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் மாதிரியான ஆப்களில் பாதி வேலையை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம். சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போகிறீர்கள் என்றால் வேறு வழியே தேவையில்லை. அங்கே முதலீட்டுக்காக ஃபிளாட் வாங்கிவிட்டு வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் நிறைய. சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும், வாடகை வங்கிக் கணக்குக்குப் போகும், நீங்கள் யார் என்று யாரும் குடைய மாட்டார்கள். தொல்லை வேறு இடத்தில். போன வாரமே போய்விட்ட வீடு இன்னும் லிஸ்ட்டில் இருக்கும். 'ஓனர்' என்று போட்ட எண்ணில் புரோக்கர் பேசுவார். வாடகை 22,000 என்று இருக்கும். மெயின்டெனன்ஸ் 3,500 தனி என்பது நேரில் போன பிறகுதான் தெரியும். படத்தில் ஹால் மாதிரி தெரிகிற இடம், நேரில் ஒரு கட்டில் போட்டால் கதவு திறக்காத பெட்ரூமாக இருக்கும்.

இனி தெரு. மாம்பலம், ஆதம்பாக்கம், குரோம்பேட்டை, நங்கநல்லூர் போன்ற பழைய குடியிருப்புகளில் என் ஓட்டு நடைக்குத்தான். கீழே ஓனர், மேலே ஒரு போர்ஷன். அந்த ஓனர் படம் எடுத்து எங்கேயும் போட மாட்டார். கேட்டில் ஒரு அட்டை தொங்கும்: 'வீடு வாடகைக்கு, 2 பெட்ரூம், முதல் மாடி, சிறு குடும்பம், புரோக்கர்கள் அழைக்க வேண்டாம்.' அந்த அட்டை தொங்குவதற்கு முன்பே தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கும் மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் யார் காலி செய்யப் போகிறார்கள் என்று தெரிந்திருக்கும். வாடகையும் பெரும்பாலும் குறைவு. பழைய குடித்தனக்காரர் கொடுத்ததற்கு மேல் ஆயிரமோ இரண்டாயிரமோ ஏற்றியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அங்கே இன்டர்வியூ உண்டு. "எத்தனை பேர் தம்பி இருப்பீங்க? வெஜ்ஜா? சொந்த ஊர் எது?" கடைசிக் கேள்விக்கு 'திருநெல்வேலி' என்று மட்டும் சொன்னால் விட மாட்டார்கள். "திருநெல்வேலில எந்தப் பக்கம்?" என்று அடுத்தது வரும். சாதியைத்தான் கேட்கிறார்கள் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பத்து மணிக்கு கேட் பூட்டு, மோட்டார் போடும் நேரம் என்று விதிகளும் கூடவே வரும். கரண்ட் பில்லைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்கும் ஓனரிடம் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது.

நடப்பதற்கு நல்ல மாதம் ஆடி. அந்த மாதம் பால் காய்ச்சிக் குடி போக மாட்டார்கள் என்பதால் போர்டுகள் கூடுதல் நாள் தொங்கும், ஓனரும் கொஞ்சம் இறங்கி வருவார். பள்ளி திறக்கும் நேரத்தில் அதே ஓனர் ஐந்நூறு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்.

புரோக்கர் என்றால் ஒரு மாத வாடகை கமிஷன். 20,000 ரூபாய் வீட்டுக்கு 20,000 ரூபாய். குடும்பத்தோடு வருகிறவர்கள், அவகாசம் இருக்கிறவர்கள் இதைக் கொடுக்கத் தேவையில்லை என்பேன். பேச்சிலர்கள், தனியாக இருக்கும் பெண்கள், முஸ்லிம் குடும்பங்கள், நாய் வளர்ப்பவர்கள் கதை வேறு. பத்து கேட்டில் நின்று பத்து விதமாக 'இல்லை' கேட்பதற்குப் பதில், எந்த ஓனர் யாருக்குக் கொடுப்பார் என்று தெரிந்த ஆளுக்குக் காசு கொடுப்பது அவர்களுக்கு நஷ்டமில்லை. வீடு காட்டவே ஐந்நூறு, ஆயிரம் கேட்கும் புரோக்கரிடம் மட்டும் நிற்காதீர்கள். அக்ரிமென்ட் கையெழுத்தான பிறகுதான் கமிஷன்.

எந்த வழியில் வீடு கிடைத்தாலும் அட்வான்ஸ் பேச்சு ஒன்றுதான். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அந்த 'ஒழிய' இருப்பதால்தான் ஐந்து மாதமும் பத்து மாதமும் இன்னும் நடக்கிறது. கேட்டுப் பார்த்தால் குறையும். ஆப் வழியாக வந்த வெளியூர் ஓனர்களிடம் கொஞ்சம் சுலபமாகவே குறையும். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். பிடிப்பார்களா, எவ்வளவு என்பதை முன்பே அக்ரிமென்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளம் பார்க்கிறீர்கள் என்றால் 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். ஓனரையும் புரோக்கரையும் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரை.