உள்ளே குத்து, வெளியே குத்து: ஒரு எச்.ஆர். மென்பொருளோடு 14 மாதம்

கோயம்புத்தூர் பக்கம், உலோகத்தை உருக்கி வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் எச்.ஆர். பார்க்கிறேன். நிரந்தரமும் கான்ட்ராக்டும் சேர்த்து 380 பேர், மூன்று ஷிஃப்ட், பாதிக்கு மேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். 2024 டிசம்பர் வரை எங்கள் சம்பளம் முழுக்க எக்செல்லில்தான் ஓடியது. அந்த ஃபைலை அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு அண்ணனைத் தவிர யாராலும் திறக்க முடியாது, ஏனென்றால் பாஸ்வேர்ட் அவர் மனசில் இருந்தது. அவர் ரிட்டயர் ஆகும் தேதி நெருங்க நெருங்க எம்.டி.க்குத் தூக்கம் போய், அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்த கிளவுட் எச்.ஆர். மென்பொருள். இப்போது ரெனியூவல் பேச்சு நடக்கிறது, அதனால் இதுவரை பட்டதை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்குவதற்கு முன் நான்கு கம்பெனிகளின் டெமோ பார்த்தேன், நான்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஒன்றை மட்டும் இழுத்து வைத்து அடிப்பது நியாயமில்லை. நீங்கள் வேறு எதையாவது வாங்கப் போகிறீர்கள் என்றாலும் கீழே இருப்பது உதவும்.

முதலில் டெமோ. விற்க வந்த தம்பி நாற்பது நிமிடம் டாஷ்போர்டு காட்டினார். யார் வேலையை விட்டுப் போகப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லுமாம், ஊழியர்களின் மனநிலையைச் சிரிக்கும் முகம் அழும் முகம் வைத்து அளக்குமாம், ஏ.ஐ. வந்து விண்ணப்பங்களைத் தரம் பிரிக்குமாம். எல்லாம் கலர் கலராக இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: மணல் அச்சு செய்கிற மோல்டிங்கில் ஒருத்தர் 22 நாள் வந்திருக்கிறார், அதில் ஆறு நாள் நைட், 11 மணி நேரம் ஓ.டி., 3,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு, இவருக்கு ஒரு பே ஸ்லிப் போட்டுக் காட்டுங்கள். "அது இம்ப்ளிமென்டேஷன் டீம் பார்த்துக்குவாங்க சார்" என்றார். அங்கேயே எழுந்து டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

முதல் பிரச்சினை பெயரில் வந்தது. மென்பொருளுக்குக் கடைசிப் பெயர் கட்டாயம், அதுவும் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும். நம் ஊரில் எவனுக்கு இருக்கிறது கடைசிப் பெயர்? முருகன் என்று ஒரு பெயர், முன்னால் எஸ். என்று ஒரு இனிஷியல், அவ்வளவுதான். டேட்டா ஏற்றிய பையன்கள் அவசரத்தில் முருகன் முருகன், செல்வராஜ் செல்வராஜ் என்று இரண்டிரண்டு தடவை போட்டுவிட்டார்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பி.எஃப்.பில் முன்னால் இருக்கும், பேங்கில் அப்பா பெயரே முழுசாக இருக்கும், இதோடு இந்த இரட்டைப் பெயரும் சேர்ந்ததில் கே.ஒய்.சி., அதாவது ஆள் சரிபார்ப்பு, ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு மாதம் ஒவ்வொருவர் ஆதாரையும் கையில் வைத்துக்கொண்டு திருத்தினோம். தமிழ்நாட்டில் விற்கிற ஒரு சாமான் இனிஷியல் என்ற ஒன்றைத் தெரியாமலேயே வந்து இறங்குவது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்புறம் மொபைல் ஆப். தமிழ், இந்தி, ஒடியா மூன்றும் உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள், உண்டுதான். தமிழைத் திறந்து பார்த்தால் காலையில் பஞ்ச் வைக்கிற பட்டனில் "உள்ளே குத்து" என்று இருந்தது. சாயங்காலம் "வெளியே குத்து". ஷிஃப்ட் என்பதற்கு "மாற்றம்", மிச்சமிருக்கிற லீவுக்கு "சமநிலை விடுப்பு". இதிலெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். லீவு கேட்கிற பட்டனில் "வெளியேறு" என்று போட்டிருந்ததுதான் வில்லங்கம். அச்சுக்குள் வைக்கிற மணல் கரு செய்யும் கோர் ஷாப்பில் இருபது வருஷமாக இருக்கிற ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "ஏனுங்க சார், லீவு கேட்டா வெளியேறுன்னு வருதுங்க. அமுக்கினா சீட்டைக் கிழிச்சிருவீங்களா?" நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. முதல் மூன்று மாதம் எங்கள் ஆட்கள் ஆப்பில் லீவே போடாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குள் டாஷ்போர்டு, லீவு எடுப்பது குறைந்திருக்கிறது, ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எம்.டி.க்குப் பச்சை அம்புக்குறி காட்டியிருந்தது.

அட்டெண்டன்ஸ் மெஷின் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபவுண்டரியில் விரல் ரேகை வேலைக்கு ஆகாது, மணலில் அள்ளி அள்ளித் தேய்ந்து பாதிப் பேருக்கு ரேகையே இல்லை. அதனால் முகம் பார்க்கிற மெஷின் வாங்கினோம். மெஷின் நல்ல மெஷின், குறை சொல்ல மாட்டேன், வார்த்ததைத் தேய்த்துச் சுத்தம் பண்ணுகிற ஃபெட்லிங்கில் இருந்து கரி அப்பிய முகத்தோடு வந்தாலும் முக்கால்வாசி நேரம் அடையாளம் கண்டுபிடிக்கிறது. எங்கள் கேட் கிழக்குப் பார்த்தது, ஜெனரல் ஷிஃப்ட் ஆட்கள் எட்டரைக்கு நுழையும்போது வெயில் அவர்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து நேராகக் கேமராவில் விழுந்தது, அந்த அரை மணி நேரம் மட்டும் மெஷினுக்கு எல்லாரும் கறுப்பு உருவம்தான். ஃபேப்ரிகேஷன் ஆட்கள் வேஸ்ட் தகரத்தில் ஒரு தாழ்வாரம் அடித்துக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது.

சரியாகாமல் உயிரை எடுத்தது நைட் ஷிஃப்ட். ராத்திரி பத்து மணிக்கு உள்ளே வந்தவன் காலை ஆறு மணிக்கு வெளியே போகிறான். மென்பொருள் நள்ளிரவு பன்னிரண்டோடு நாளை முடித்துவிடும். ஆக முதல் நாள் வெளியே குத்தவில்லை, இரண்டாம் நாள் உள்ளே குத்தவில்லை, இரண்டுக்கும் ஆப்சென்ட். முதல் மாதச் சம்பளத்தில் 47 பேருக்கு இப்படி வெட்டு விழுந்து, ஏழாம் தேதி காலையில் என் ரூம் வாசலில் நின்ற கூட்டத்தை நான் மறக்க மாட்டேன். அதே மாதம் தொழில் வரியும் தப்பு. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு தடவை, உள்ளாட்சிக்குக் கட்டுவது. செட்டப் செய்தவர் கர்நாடகா டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி பண்ணி மாதாமாதம் 200 ரூபாய் பிடிக்க வைத்துவிட்டார். டிக்கெட் போட்டேன், பதினோரு நாள் கழித்துச் சரிசெய்தார்கள். சப்போர்ட்டில் பேசுபவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் நைட் ஷிஃப்ட் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டிலும் இது தங்கம். முன்பெல்லாம் பி.எஃப். மாத ரிட்டர்னுக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் #~# போட்டு டெக்ஸ்ட் ஃபைல் தயார் பண்ணி ஏற்றுவதற்குள் கடைசி நாளான 15-ஆம் தேதி வந்துவிடும், ஒரு வரியில் ஒரு குறி விட்டுப் போனாலும் மொத்த ஃபைலும் திரும்பி வரும். இப்போது மூன்றாம் தேதி வாக்கிலேயே ஃபைல் ரெடி. முதலாளி பங்கு 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்கும் 3.67 பி.எஃப்.புக்கும் பிரிப்பது, 15,000 ரூபாய் வரம்பு, 58 வயது தாண்டியவருக்குப் பென்ஷன் பக்கம் நிறுத்துவது எல்லாம் தானாக நடக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் ஒருவர் சம்பளம் நடுவில் வரம்பான 21,000-ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிகிற வரை பிடிக்க வேண்டும், எக்செல் காலத்தில் நாங்கள் அடிக்கடி கோட்டைவிட்ட இடம் அது, இது ஒரு தடவையும் விடவில்லை. பே ஸ்லிப் வாட்ஸ்ஆப்பில் போகிறது. ஒடிசா பையன்கள் அதை அப்படியே ஊருக்கு ஃபார்வர்டு பண்ணுகிறார்கள், வீட்டில் நம்புவதற்காக.

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தபோதும் இவர்கள் சும்மா இருக்கவில்லை. அலவன்ஸ்கள் எல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும் என்று வந்ததல்லவா, அதை வைத்து யார் யாருக்கு கிராச்சுவிட்டி எவ்வளவு ஏறும் என்று ஒரு ரிப்போர்ட் டிசம்பரிலேயே கொடுத்தார்கள். எம்.டி. அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பேசவில்லை என்பது வேறு விஷயம். கன்சல்டன்ட்டிடம் போயிருந்தால் இதற்கே தனி பில்.

ஆனால் அதே சட்டத்தில், வேலையை விட்டுப் போகிறவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இவர்களின் செட்டில்மென்ட் வழியில் ஐந்து துறை ஒப்புதல் வேண்டும், அதில் ஒன்று ஐ.டி., அதாவது லேப்டாப் திருப்பிக் கொடுத்தாரா என்று டிக் செய்ய வேண்டும். ஃபர்னஸில் நின்றவனிடம் ஏதய்யா லேப்டாப்? எங்கள் ஐ.டி.யைப் பார்க்கிற ஒரே பையன் லீவில் போனதால் ஒருவருடைய கணக்கு ஒன்பது நாள் நின்றது. அந்தப் படியை நீக்க முடியாதாம், எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான வழியாம்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு யு.ஏ.என்., அதாவது பி.எஃப். எண், எடுக்கிற வேலையில் மட்டும் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் இருந்து மத்திய அரசின் உமாங் ஆப்பில் முகம் காட்டித்தான் எடுக்க வேண்டும். சேருகிற அன்றைக்குப் பன்னிரண்டு பையன்களை ஆபீஸுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் வரிசையாக நிறுத்திக் கண்ணைச் சிமிட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன், உள்ளே வெளிச்சம் போதவில்லை. யாருக்கு முடிந்தது யாருக்கு முடியவில்லை என்று பட்டியல் வைத்துக்கொள்கிறது, அதுவே போதும்.

ஏ.ஐ. மாட்யூலுக்கு வருகிறேன், தனிக் காசு. கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மெஷினுக்கு ஆபரேட்டர் வேலைக்கு 140 விண்ணப்பம் வந்தது, தரம் பிரிக்கச் சொன்னோம். முதல் இருபதும் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள், விளம்பரத்தில் நாங்கள் போட்ட வார்த்தைகளையே திருப்பி எழுதியவர்கள். கடைசியில் நாங்கள் எடுத்த ஆள், ஒன்பது வருஷம் மெஷினில் நின்றவர், 96-ஆவது இடத்தில் கிடந்தார், காரணம் அவர் கையால் எழுதிய ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். நம்ம ஊர் ஃபிட்டர், டர்னர் எல்லாம் ரெஸ்யூமே எழுதுவதில்லை, வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவார்கள். அமேசானே இப்படி ஒன்றைச் செய்துபார்த்து, அது பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளுகிறது என்று கைவிட்ட செய்தி 2018-லேயே வந்தது. நியூயார்க் நகரத்தில் இந்த மாதிரி கருவிகளுக்குப் பாரபட்சத் தணிக்கை கட்டாயம் என்று 2023-இல் இருந்து சட்டமே நடைமுறையில் இருக்கிறது. உங்களுடையதை யாராவது சோதித்தார்களா என்று கேட்டதற்கு "ஏ.ஐ.க்குப் பாரபட்சமே கிடையாது சார், அது மெஷின்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்ன பேச.

கூடவே வந்த சாட் பாட் ஒரு நல்ல காரியம் செய்தது, தெரியாமல். மெஷின் ஷாப் பையன் ஒருவனுக்குக் குழந்தை பிறந்து, அப்பாவுக்கு லீவு உண்டா என்று அதனிடம் கேட்டிருக்கிறான். 15 நாள் என்று சொல்லிவிட்டது. அது மத்திய அரசு ஊழியர்களுக்கான விதி, தனியாரில் அப்படி ஒரு சட்டமே இல்லை. பையன் ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து நின்றான். எம்.டி. தலையில் அடித்துக்கொண்டு ஐந்து நாள் கொடுத்தார், அதுவே இப்போது கம்பெனி வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, முகங்கள். 380 பேரின் முகப் பதிவும் அவர்கள் சர்வரில் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன, பெரும்பாலான கடமைகள் 18 மாதத்தில் கழுத்துக்கு வரும், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம். வேலையை விட்டவருடைய முகம் எத்தனை நாளில் அழியும் என்று மூன்று மெயில் போட்டேன். நாற்பது பக்க பி.டி.எஃப். ஒன்று வந்தது, அதில் என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

காசு: ஒரு தலைக்கு மாதம் 70 ரூபாய் என்றார்கள், மலிவு என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, குறைந்தபட்ச பில் 500 தலைக்கு. எங்களிடம் இல்லாத 120 பேருக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். ஒப்பந்தத்தில் இந்த வரியைத் தேடிப் படியுங்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

மொத்தத்தில் 5-க்கு 3 கொடுப்பேன். பேரோலுக்கு 4, ஆப்புக்கு 2, ஏ.ஐ.க்கு ஒன்றும் இல்லை. ஐம்பது பேர் இருக்கிற ஆபீஸ், எல்லாரும் பகல் ஷிஃப்ட், லேப்டாப் உள்ளவர்கள் என்றால், குறைந்தபட்ச பில்லை மட்டும் பேசிக் குறைத்துவிட்டு, மற்றபடி கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தொழிற்சாலை என்றால் உங்கள் மோசமான மாதத்து மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டை, டெமோவுக்குக் கொண்டுபோய், நைட் ஷிஃப்ட் ஆள் ஒருவருக்கு அங்கேயே சம்பளம் போடச் சொல்லுங்கள், போடாவிட்டால் டீ குடிக்கப் போய்விடுங்கள்.

ரெனியூவலுக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்: ஏ.ஐ. மாட்யூல் வேண்டாம், இருக்கிற தலைக்கு மட்டும் பில், செட்டில்மென்டில் லேப்டாப் படி போக வேண்டும், முகம் அழிக்கிற நாள் கணக்கு எழுத்தில் வேண்டும், தமிழைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். கடைசியானதற்கு மட்டும் பதில் வந்திருக்கிறது. "வெளியேறு" போய் "விடுப்பு கேட்க" என்று மாறிவிட்டது. "உள்ளே குத்து" அப்படியே நிற்கிறது, அதை மாற்ற வேண்டாம் என்று மோல்டிங் பையன்களே சொல்கிறார்கள், காலையில் ஒருத்தனைப் பார்த்தால் "குத்தியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். மற்றதற்கு ஏப்ரல் 1-க்குள் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பழைய எக்செல் ஃபைலை நான் இன்னும் அழிக்கவில்லை. அண்ணன் ரிட்டயர் ஆகிற அன்றைக்குப் பாஸ்வேர்டைக் காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார், அது என் டிராயரில் இருக்கிறது.