உரித்தெடுக்கும் பேஸா, ஊறவைக்கும் பேஸா?

ஞாயிற்றுக்கிழமை நகத்தில் போட்ட ஜெல் பாலிஷ். செவ்வாய் இரவு ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது கட்டைவிரலின் ஓரம் லேசாகத் தூக்கியிருப்பது தட்டுப்பட்டது. கை சும்மா இருக்குமா? இன்னொரு விரல் நகத்தை அடியில் கொடுத்து நெம்பினேன். டக்கென்று ஒரே துண்டாக, மீன் செதில் மாதிரி, முழு நகத்தின் வடிவத்தில் கழன்று மடியில் விழுந்தது. அடியில் என் நகம் போடுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. சந்தோஷப்படுவதா, இரண்டு நாளில் போய்விட்டதே என்று நொந்துகொள்வதா என்று தெரியவில்லை.

பாலிஷுக்கு அடியில் முதலில் பூசுவதுதான் பேஸ் கோட். அதில் உரித்தெடுக்கும் வகை, அதாவது பீல் ஆஃப் பேஸ், இந்த இரண்டையும் சேர்த்தேதான் தரும். அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கும் வழக்கமான ஜெல் பேஸோடு அதை ஒப்பிடும்போது எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை நாள் இருக்க வேண்டும், எடுக்கும் நாளில் எவ்வளவு பொறுமை இருக்கும், இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2010இல் சிஎன்டி நிறுவனத்தின் ஷெல்லாக் என்ற ஜெல் பாலிஷ் வந்த பிறகுதான் இரண்டு வாரம் பளபளப்புக் குறையாத பாலிஷ் என்பது பரவலாகப் பழக்கத்துக்கு வந்தது. அந்த உறுதியில் பெரும்பங்கு பேஸ் கோட்டுடையது. அக்ரிலேட் வகைத் திரவம் நகத்தின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் இறங்கிவிடும். புற ஊதா விளக்கின் கதிர் பட்டதும் அங்கேயே வலை பின்னிக் கெட்டியாகிவிடும். அதனால்தான் தண்ணீர், சோப்பு, பாத்திரம் எதற்கும் அசையாது. அசிட்டோன்கூட அதை முழுசாகக் கரைப்பதில்லை. வலைக்குள் புகுந்து உப்ப வைத்துப் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

உரிக்கும் பேஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தண்ணீர் கலந்த வெள்ளைத் திரவம். காற்றில் காய்ந்து நிறமற்ற படலமாகும். பள்ளிக்கூட நாளில் உள்ளங்கையில் வெள்ளைப் பசையைத் தடவி, காய்ந்ததும் பாம்புச் சட்டை போல உரித்து விளையாடியிருந்தால் தத்துவம் புரிந்துவிடும். இன்னொன்று விளக்கில் காயவைக்கும் ஜெல் வகை. பார்க்க வழக்கமான பேஸ் போலவே இருக்கும். பிடிமானம் மட்டும் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டிருக்கும். என் கையில் வெள்ளை வகை மூன்று நான்கு நாள், ஜெல் வகை ஒரு வாரம் வரை. வழக்கமான பேஸ் இரண்டு வாரம் சாதாரணமாகத் தாங்கும், மூன்றாவது வாரமும் ஓட்டலாம். அந்தப் பள்ளிக்கூடப் பசையையே வாங்கிப் பூசுகிறவர்களும் உண்டு. நானும் பூசிப் பார்த்தேன். ஒருமுறை உட்கார்ந்து பாத்திரம் கழுவியதில் நான்கு விரல் காலி. அந்தப் பசை தண்ணீரில் இளகிவிடும். இது தெரிந்தும் ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

போடும் முறையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வழக்கமான பேஸுக்கு நகத்தை லேசாகத் தேய்த்து, எண்ணெய்ப்பசை நீக்கி, பிரைமர் பூசி, ஒட்டுவதற்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்வோம். உரிக்கும் பேஸுக்கு இதையே செய்தால் வம்புதான். பிரைமரின் மேல் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உரிக்கவும் வராது, ஊறவைக்கலாம் என்றால் அசிட்டோன் அந்தப் படலத்தைப் பிசுபிசுவென்று ஆக்கிவைக்கும். எண்ணெய் போகத் துடைத்தால் போதும். வெள்ளை வகை என்றால் காயவிடும் பொறுமைதான் எல்லாம். பால் போன்ற நிறம் முழுசாகப் போய்க் கண்ணாடி போலாக வேண்டும். நகக்கண் ஓரத்தில் துளி வெண்மை மிச்சமிருக்கும்போது மேலே ஜெல்லைப் பூசி விளக்கில் வைத்தால், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் அந்த விரல் மொட்டையாக இருக்கும்.

நாள் கூட்ட ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: உரிக்கும் பேஸை நகத்தின் நடுவில் மட்டும் பூசி, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் விட்டு, அந்த ஓரத்தில் வழக்கமான பேஸைப் பிடிக்க விடுவது. நாள் கூடுவது உண்மைதான். ஆனால் எடுக்கும் நாளில் நடுப்பகுதி வந்துவிடும், ஓரம் வராது. இழுத்தால் அந்த ஓரத்திலேயே நகம் கிழியும். எதற்காக உரிக்கும் பேஸைத் தேடிப் போனோமோ அதையே கெடுத்துக்கொள்வது இது. விரல்நுனியின் விளிம்பில் மட்டும் வழக்கமான பேஸால் ஒரு கோடு இழுப்பது வேறு விஷயம். எடுக்கும்போது அந்த நுனியை மட்டும் ஃபைல் வைத்து அராவிவிட்டால் சரி. இது எனக்கு ஒத்துவருகிறது.

நீளமான நகமும் மேலே நகத்தைத் தடிமனாக்கும் கனமான பில்டர் ஜெல்லும் உள்ளவர்கள் உரிக்கும் பேஸை நம்ப வேண்டாம். நகம் வளையும், கனமான ஜெல் வளையாது, நடுவில் இருப்பதோ பிடிமானம் குறைந்த ஒரு படலம். பையின் ஜிப்பை இழுக்கும்போது மொத்தமாகத் தெறித்துப் போகும்.

சரி, எடுக்கும் நாளுக்கு வருவோம். இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் அன்றுதான் தெரியும்.

வழக்கமான ஜெல்லுக்கு முதலில் டாப் கோட்டின், அதாவது கடைசியாக மேலே பூசிய படலத்தின், பளபளப்பை ஃபைலால் தேய்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் அசிட்டோன் உள்ளே இறங்காது. அப்புறம் சுற்றியுள்ள தோலுக்கு வாசலின், நகத்தின் மேல் அசிட்டோனில் நனைத்த பஞ்சு, அதன்மேல் ஃபாயில். பத்துப் பதினைந்து நிமிடம். இரண்டு கையிலும் ஃபாயில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் போன் அடிக்கும், மூக்கும் அரிக்கும். அவிழ்த்துப் பார்த்தால் ஜெல் சுருங்கி, விளிம்பு தூக்கிக்கொண்டு, சருகு மாதிரி நிற்க வேண்டும். மரக்குச்சியால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். வராத இடத்தைச் சுரண்டாமல் இன்னும் ஐந்து நிமிடம் கட்டிவைக்க வேண்டும். அசிட்டோன்தான் நகத்தைக் கெடுக்கிறது என்று பழி போடுவார்கள். அது நகத்தையும் தோலையும் வறட்டி வெளுக்க வைக்கும், எண்ணெய் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுக்காமல் சுரண்டும் கைதான் நகத்தை மெலிய வைக்கிறது. அடுப்போ தீபமோ பக்கத்தில் வேண்டாம் என்பதையும் மறக்கக் கூடாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்.

உரிக்கும் பேஸுக்கு இவ்வளவு சடங்கு இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் விரலை வைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து மரக்குச்சியைப் படுக்கையாக நுழைத்து மெதுவாகத் தள்ளினால் போதும். ஆனால் பெயரிலேயே ‘உரி’ என்று இருக்கிறதே என்று வறண்ட நகத்தில் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கழன்ற துண்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று மின்னினால் நல்லது. வெள்ளையாகத் தூள் படிந்த மாதிரி இருந்தால் அது உங்கள் நகத்தின் ஒரு படலம். நகத்தட்டு உயிரற்ற கெரட்டின் அடுக்கு. போன அடுக்கு ஆறித் திரும்பாது, வளர்ந்துதான் தீர வேண்டும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனி வரை முழுசாகப் புது நகம் வர ஆறு மாதம் பிடிக்கும்.

உடல்நலம் என்று பார்த்தால் ஒன்றை ஒன்று பெரிதாக முந்தவில்லை. எந்த பேஸாக இருந்தாலும் தூக்கிய இடத்தில் தண்ணீர் தேங்கினால் சூடோமோனாஸ் பாக்டீரியா குடியேறி நகம் பச்சையாகும். உரிக்கும் பேஸ் சீக்கிரம் தூக்குகிறது, ஆனால் சீக்கிரம் விழுந்தும் விடுகிறது. தூக்கிய ஓரத்தைப் பசை வைத்து ஒட்டுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. அலர்ஜியில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, உரிக்கும் பேஸ் நடுவில் இருப்பதால் ஒவ்வாமை வராது என்று. ஒவ்வாமை வருவது சரியாகக் காயாத ஜெல் தோலில் படுவதால். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018இல் எச்சரித்ததும் இந்த மெத்தாக்ரிலேட் பொருட்களைப் பற்றித்தான். மேலே பூசும் கலர் ஜெல்லிலும், விளக்கில் காயும் உரிக்கும் பேஸிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான். லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெள்ளை வகையின் லேபிளையும் படித்துவிட வேண்டும்.

செவிலியர் வேலையில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு தயக்கமில்லாமல் உரிக்கும் பேஸுக்கு. நோயாளிகளைத் தொடும் வேலையில் செயற்கை நகம் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கை சுகாதார வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. நகப்பூச்சுக்கும் தடை போடும் மருத்துவமனைகள் உண்டு. விடுமுறைக்குப் போட்டுவிட்டு, வேலைக்குப் போவதற்கு முந்தின இரவு உரித்துவிடலாம். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களையும் நகத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள், ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் அளவு தவறக்கூடும் என்பதால். கிளிட்டர் பிரியர்களுக்கும் உரிக்கும் பேஸ்தான். அசிட்டோனில் கிளிட்டரை எடுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பயணம், தொடர்ந்து தண்ணீரில் கை, மாதம் ஒருமுறைதான் நேரம் கிடைக்கும் என்றால் வழக்கமான பேஸ். ஒரே ஒரு நாள் விழா என்றால் இரண்டும் வேண்டாம், ஒட்டும் நகம் போதும்.

அந்த மூன்றாவது விஷயம் பழக்கம். உரிக்கும் பேஸை நான் ஐந்தாறு வாரம் தொடர்ந்து போட்டேன். தூக்கிய ஓரத்தைக் கண்டால் நெம்ப வேண்டும் என்று கை கற்றுக்கொண்டது. பிறகு ஒரு பயணத்துக்காக வழக்கமான பேஸ் போட்டேன். பத்தாவது நாள், பஸ்ஸில், வலது மோதிர விரலில் ஓரம் தூக்கியிருந்தது. அடியில் எந்த பேஸ் என்று கைக்கு எப்படித் தெரியும்? நெம்பிவிட்டது. வந்த துண்டின் உள்பக்கம் முழுக்க வெள்ளை. அந்த நகம் வெந்நீர் பட்டாலே சுரீரென்றது, டவலில் துடைத்தால் நூல் மாட்டியது, நுனி வரை வளர்ந்து போகும்வரை மடங்கிக்கொண்டே இருந்தது.

இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். உரிக்கும் பேஸ் என்றால் மேலே கண்டிப்பாக கிளிட்டர். வழக்கமான பேஸ் என்றால் வெறும் ஒற்றை நிறம். விரல் ஓரத்தைத் தேடிப் போகும்போது கண்ணில் மினுமினுப்புப் பட்டால் போய் வெந்நீர் வைப்பேன். படாவிட்டால் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன்.