பழைய லீவர் மெஷின் வாங்கிப் புதுப்பிக்க: பவோனியா, கிரெமினாவா?

சுவிட்சர்லாந்தில் பழைய பொருள் சந்தைகளைக் கொஞ்சம் சுற்றினால் கைலீவர் எஸ்பிரெசோ மெஷின்கள் கண்ணில் படாமல் போகாது. பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான்: மிலானிலிருந்து வந்த லா பவோனி யூரோபிக்கோலா, இந்த நாட்டிலேயே பிறந்த ஒலிம்பியா கிரெமினா. வாங்கிப் புதுப்பித்து நான் வீட்டில் வைத்துக்கொண்டது பவோனி. கிரெமினாவில் என் அனுபவம் ஒரு நண்பருடைய மெஷினைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்ததோடு நின்றுவிட்டது. ஆகவே நான் பவோனிப் பக்கம்தான் பேசுவேன்.

ருசியில் பெரிய சண்டை இல்லை. இரண்டிலும் பம்ப் கிடையாது. காபித்தூளின் மேல் விழும் அழுத்தம் முழுக்க நம் கையிலிருந்துதான் வருகிறது. பிஸ்டனின் விட்டம் 49 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு கிட்டத்தட்ட 19 சதுர செ.மீ. அதில் 9 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தம் வேண்டுமானால் 170 கிலோவுக்கு மேல் விசை இறங்க வேண்டும். லீவர் அதை ஒரு கையால் முடிகிற வேலையாக்குகிறது. காபிக்கொட்டை அரைக்க நல்ல கிரைண்டர் இருந்தால் இரண்டுமே அருமையான காபி தரும். கிரைண்டர் சரியில்லை என்றால் இரண்டாலும் காப்பாற்ற முடியாது.

பயன்பாட்டில் கிரெமினாவுக்கு ஒரு தெளிவான சாதகம் உண்டு. யூரோபிக்கோலாவின் பாய்லர் 0.8 லிட்டர், கிரெமினாவுடையது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பாய்லரில் 0.8 பார் அழுத்தம் இருக்கும்போது உள்ளே தண்ணீர் 117 டிகிரி. காபிக்கு வேண்டியதோ 90க்கும் 95க்கும் இடையில். மீதிச் சூட்டை குரூப் என்கிற அந்தப் பித்தளைக் கழுத்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். பவோனியில் அது பாய்லரோடு நேராக முடுக்கப்பட்டிருப்பதால் சீக்கிரம் சூடேறிவிடும். முதல் இரண்டு கோப்பை பிரமாதமாக வரும், அதற்குப் பிறகு கசப்பு தட்டும். ஈரத்துணியைக் குரூப்பில் சுற்றினால் சற்று அடங்கும். வீட்டில் காபி குடிப்பவர்கள் இரண்டு பேர் என்றால் இது பிரச்சினையே இல்லை. ஆறு பேருக்கு வரிசையாகப் போட வேண்டும் என்றால் கிரெமினாதான்.

இதெல்லாம் ஓடுகிற மெஷினைப் பற்றிய பேச்சு. ஓடாத மெஷினை வாங்கி ஓடவைக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: இதன் சீல்கள் எங்கே கிடைக்கும், அவற்றை நானே மாற்ற முடியுமா?

லீவர் மெஷினில் உயிர்நாடி அந்த ரப்பர் வளையங்கள்தான். பிஸ்டனைச் சுற்றி இரண்டு, அதன் தண்டு மேலே வெளியேறும் இடத்தில் ஒன்று, குரூப்புக்கும் பாய்லருக்கும் நடுவில் ஒன்று, காபித்தூள் போடும் கைப்பிடி வந்து பொருந்தும் இடத்தில் ஒன்று. அப்புறம் நீர்மட்டக் கண்ணாடிக்கும் நீராவிக் குழாய்க்கும் தனித்தனியாக. குக்கர் கேஸ்கெட் போலத்தான்: சூட்டில் நாளடைவில் இறுகி, வெடித்து, கசியத் தொடங்கும். பல வருடம் அலமாரியில் கிடந்த மெஷின் என்றால் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது. அதோடு முடிவதும் இல்லை. தினமும் பயன்படுத்தினால் பிஸ்டன் சீல்களை ஒன்றிரண்டு வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டிவரும். அதாவது மெஷினைப் பிரிப்பது ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடுகிற வேலை இல்லை. அது வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிடும்.

இங்கேதான் பவோனி என்னை வென்றது. யூரோபிக்கோலா 1961இல் வந்தது, இன்றும் தயாரிக்கப்படுகிறது. உலகம் முழுக்க இவ்வளவு காலம் விற்றதால் சீல் தொகுப்பை ஐரோப்பாவில் காபி மெஷின் உதிரிபாகக் கடைகளில் ஒரே பொட்டலமாக வாங்கலாம். ரப்பரிலும் உண்டு, அதிக நாள் உழைக்கிற சிலிக்கோனிலும் உண்டு. பிரிப்பதும் எளிது. லீவரைப் பிடித்திருக்கும் இரண்டு இரும்பு ஊசிகளை (பின்) கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும். குரூப்பைப் பாய்லரில் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். பழைய சீல்களை எடுக்கும்முன் அவற்றின் உதடு, அதாவது ஒரு பக்கம் விரிந்த விளிம்பு, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் அழுத்தம் நிற்காது. உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸை மெல்லிசாகத் தடவி மாட்டினால் போதும்.

கிரெமினாவுக்கும் உதிரிகள் கிடைக்கின்றன. 1967இல் அறிமுகமான மெஷின் இன்றும் உற்பத்தியில் இருப்பது பெரிய விஷயம். அதன் பித்தளை வேலைப்பாடு பவோனியைவிட ஒரு படி மேல் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விற்பவர்கள் குறைவு, விலை அதிகம். ஹீட்டரையும் அழுத்தக் கட்டுப்பாட்டையும் தொட வேண்டும் என்றால் வெளித்தகட்டைக் கழற்ற வேண்டும். நண்பரின் மெஷினில் அந்தத் திருகுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. எல்லாக் கிரெமினாவிலும் அப்படித்தான் இருக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பவோனி வாங்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டி அதன் குரூப்பை மாற்றினார்கள்: காபித்தூள் போடும் வடிகட்டி முன்பு 49 மி.மீ., பின்பு 51. சீல்களும் வடிகட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வடிகட்டியின் உள்விட்டத்தை அளந்து சொல்லும்படி விற்பவரிடம் கேட்டுவிடுங்கள், மெஷினின் வயதும் அதிலேயே தெரிந்துவிடும். என் தேர்வு, 2000க்கு முந்தையவற்றில் தானாக அணையும் அழுத்தக் கட்டுப்பாடு உள்ளவை. ஆரம்பகால யூரோபிக்கோலாவில் தானாக அணையும் அழுத்தக் கட்டுப்பாடு இல்லை; இரண்டு ஹீட்டர் நிலைகளை ஆளே பார்த்து மாற்ற வேண்டும், கவனிக்காவிட்டால் சேஃப்டி வால்வ் சீறும். அழகான மெஷின்தான், ஆனால் முதல் புதுப்பிப்புக்கு வேண்டாம். அதன் ஹீட்டர் போயிருந்தால் மாற்றுக் கிடைப்பதும் சிரமம்.

சுண்ணாம்புப் படிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிட்ரிக் அமிலம், வெந்நீர், பொறுமை. குரோம் பூசிய வெளிப்பரப்பை மட்டும் அமிலத்தில் ஊறவிடாதீர்கள்.

மின்சாரத்தில் சமரசம் கூடாது. பிளக்கின் எர்த்துக்கும் மெஷினின் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பழைய வயரின் உறை நொறுங்கினால் மாற்றுங்கள். சேஃப்டி வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், சந்தேகம் இருந்தால் புதிதாகவே போடுங்கள். இன்னொன்று: சுவிட்சர்லாந்து ஆஸ்பெஸ்டாஸைத் தடைசெய்தது 1990இல்தான். அதற்கு முந்தைய எந்த மெஷினிலும் ஹீட்டர் பக்கம் சாம்பல் நிற நார்த்தகடு இருந்தால் சுரண்டாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாட்டி முடித்து முதல்முறை சூடாக்கும்போது அழுத்தம் சீக்கிரமே ஏறிவிட்டால் நம்ப வேண்டாம். பாய்லரில் அடைபட்ட காற்றும் சேர்ந்து காட்டும் அழுத்தம் அது. தண்ணீர் இன்னும் போதிய சூடு ஆகியிருக்காது. நீராவிக் குழாயைச் சற்றுத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். இரண்டு மெஷினுக்கும் இது பொருந்தும்.

எலெக்ட்ரா என்ற இத்தாலிய நிறுவனத்தின் மிக்ரோ காசா ஆ லேவா என்கிற இன்னொரு லீவர் மெஷினைப் பற்றியும் கேட்பார்கள். அதில் அழுத்தம் தருவது ஸ்பிரிங், அதனால் ஒவ்வொரு கோப்பையும் ஒரே சீராக வரும். பார்க்கவும் கொள்ளை அழகு. ஆனால் குரூப்புக்குள் அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் இருக்கிறது. கருவி இல்லாமல் பிரித்தால் பாய்ந்து கையைப் பதம் பார்க்கும். அதில் காபி போட்டிருக்கிறேனே தவிர பிரித்ததில்லை, எனவே அதன் பராமரிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மறுவிற்பனை மட்டுமே கணக்கு என்றால் கிரெமினாவை அடிக்க ஆளில்லை. இங்கே பழைய கிரெமினாவின் விலை பவோனியைப் போலப் பல மடங்கு, விற்கும்போதும் அது குறைவதில்லை. ஆனால் அதே காரணத்தால் உடைந்த கிரெமினாவையும் யாரும் மலிவாகத் தருவதில்லை. பாய்லர் விரிசலோ குரூப் சேதமோ பின்னால் தெரிந்தால் போட்ட பணம் கனமாக இருக்கும். கையில் ஏற்கெனவே ஒரு பவோனியைப் பிரித்துச் சேர்த்த பழக்கம் இருந்து, லீவரும் கைப்பிடியும் வடிகட்டியும் குறையில்லாத கிரெமினா நியாயமான விலைக்கு வந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். முதல் மெஷின் என்றால் 49 மி.மீ. பவோனியும் ஒரு சீல் பொட்டலமும்தான் நான் சொல்வது.