38,000 கிலோமீட்டருக்குப் பிறகு ஷார்ட் ஷிஃப்டரைக் கழற்றினேன்

போன வாரம் சித்தப்பா பையன் போன் செய்தான். "அண்ணா, நீங்க போட்டிருந்தீங்களே அந்த ஷார்ட் ஷிஃப்டர் கிட்டு, இப்ப ஏழாயிரத்துக்கு வந்திருச்சுங்க. வாங்கிரட்டுமா?" கியர் லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கிற சாமான் அது. நான் வாங்கியபோது 11,500 ரூபாய். அவனிடம் இருப்பதும் ஸ்விஃப்ட் டீசல்தான், என்னுடையதைவிட ஒரு வருஷம் இளையது. பத்து நிமிஷம் பேசியும் நேரான பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

வண்டி 2013 மாடல். 1,248 சிசி, 75 பிஎஸ், ஐந்து கியர். அந்த எஞ்சினைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டதால், இதைக் கொடுத்துவிட்டு இதேபோல் புதிதாக ஒன்றை எடுக்கவும் வழியில்லை. இன்னும் பத்து வருஷம் வைத்திருக்கப்போகிறோம், கொஞ்சம் ஆசைப்பட்டதைச் செய்வோம் என்றுதான் 2022-ல், 84,000 கிலோமீட்டரில் கிட்டைப் போட்டேன். போன மாதம் 1,22,000-ல் கழற்றினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த கிட் கொடுத்த சந்தோஷத்தை வேறு எந்தச் செலவும் எனக்குக் கொடுத்ததில்லை. எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றை (ஆர்பிஎம்) எட்டும் வரை டர்போ தூங்குகிற வண்டி இது. வளைவில் இரண்டாவது கியர், நேரானதும் மூன்றாவது, அடுத்த வளைவுக்கு மறுபடியும் இரண்டாவது. மூன்றாவது விழுவதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் ஆர்பிஎம் இறங்கிவிடும், வண்டி முனக ஆரம்பிக்கும். கிட் போட்ட பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குச் சொடக்குப் போடுவது போலப் போகும். மணிக்கட்டு அசைந்தால் போதும், முழங்கை அசைய வேண்டாம். கியர் விழுகிற இடத்தில் 'டக்' என்று ஒரு முடிவு தெரியும். விடிகாலையில், சாலையில் ஆள் இல்லாத நேரத்தில், மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்ப இறங்கி இன்னொரு முறை ஏறலாமா என்று தோன்றியிருக்கிறது. ஒருமுறை அப்படியே செய்தேன்.

அளந்தும் பார்த்தேன். லிவர் தலையில் ஸ்கேல் பிடித்து இரண்டிலிருந்து மூன்றுக்கு அளந்தால், பழையதில் 16 சென்டிமீட்டர், கிட்டில் 11. விற்றவர் சொன்ன முப்பது சதவீதக் குறைவு பொய் இல்லை.

ஆனால் அந்தத் தூரம் சும்மா குறையவில்லை. கியர் லிவர் என்பது கடப்பாரை மாதிரி. நடுவில் தாங்கும் புள்ளி, மேலே நம் கை, கீழே கியர்பாக்ஸை இயக்கும் கேபிள். கிட் செய்வதெல்லாம் கீழ்ப்பக்கத்தை நீட்டுவதுதான். கை குறைவாக நகர்ந்தாலும் கேபிள் பழைய தூரமே நகரும். அப்படியானால் கை கொடுக்கும் பலம் கூடியாக வேண்டும். தூரம் பத்துக்கு ஏழாகக் குறைந்தால் பலம் ஏழுக்குப் பத்தாக, அதாவது சுமார் 43 சதவீதம் ஏறும். இதில் யாரும் ஏமாற்ற முடியாது.

கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாவது கியருக்குத் தள்ளும்போது சிங்க்ரோ வளையம் கியரின் கூம்பில் உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. ஒன்றாகும் வரை பல்லைப் பல்லோடு சேர விடாமல் மறித்து நிற்கும். அந்த உரசலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது நாம் கொடுக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது, லிவரின் நீளத்தை அது கண்டுகொள்வதே இல்லை. ஷார்ட் ஷிஃப்டரில் பழைய பலத்திலேயே தள்ளினால் வளையத்துக்குப் போகும் அழுத்தம் குறையும், கியர் முன்பைவிட மெதுவாகத்தான் விழும். பொறுமையில்லாமல் இடித்தால் 'கர்ர்' என்று பல் பேசும். சூடான கியர்பாக்ஸில், மலையில், வெறியோடு ஓட்டும்போது இது தெரியாது. காலையில் வண்டி எடுத்ததும், ஆயில் கெட்டியாக இருக்கும்போது, வீட்டுத் தெருவிலேயே தெரிந்துவிடும்.

மேம்பால வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் அவிநாசி ரோட்டில் தினமும் போய் வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒன்று, இரண்டு, நியூட்ரல், ஒன்று, இரண்டு, நியூட்ரல். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கூடுதல் பலம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இடது உள்ளங்கை சிவந்திருக்கும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கவே முடியாமல் போனது அந்த ரீங்காரம்.

இந்த வண்டி ஐந்தாவதில் 80-ல் போனால் ஏறக்குறைய 2,000 ஆர்பிஎம். முழு இழுவையும் கிடைக்கிற இடம், எஞ்சின் மிக நிம்மதியாக இருக்கிற இடம். சேலம் போனாலும் மதுரை போனாலும் மணிக்கணக்கில் நாம் இருக்கப்போவது அங்கேதான். சரியாக 1,800-க்கும் 2,200-க்கும் நடுவில் லிவருக்குள் ஒரு வண்டு நுழைந்த மாதிரி 'ஙீ...' என்று ஆரம்பிக்கும். தலையில் கை வைத்தால் நிற்கும், எடுத்தால் வரும். பாட்டுப் போட்டால் பாட்டுக்கு அடியில் கேட்கும். வீட்டுக்காரி முதல் நாளே "என்னங்க சத்தம் அது?" என்று கேட்டாள். மூன்று வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

காரணம் தெரியாத சத்தம் இல்லை. கம்பெனி லிவரின் அடியிலும் கேபிள் முனையிலும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வைத்திருப்பது காசை மிச்சப்படுத்த மட்டும் அல்ல. எஞ்சின் அதிர்வு கேபிள் வழியாக ஏறி கைக்கு வராமல் அங்கேயே அடங்குவதற்காக. கிட்டில் அந்த இடமெல்லாம் உலோகம். 'இறுக்கமான உணர்வு' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பார்கள். அந்த இறுக்கமும் இந்த ரீங்காரமும் ஒரே பொருள். அடித்தளத்து அலுமினிய வாஷர்களைக் கழற்றி பழைய ரப்பரையே திரும்பப் போட்டேன், பாதி குறைந்தது. மீதிப் பாதி போகவே இல்லை.

22,000 கிலோமீட்டர் ஓடியதும் கிட்டின் மூட்டுப் புஷ் (மூட்டுக்குள் இருக்கும் சின்ன வளையம்) தேய்ந்து லிவர் ஆட ஆரம்பித்தது. விற்றவரிடம் ஸ்பேர் கேட்டால் "தனியா வராதுங்க, முழு செட்டா எடுக்கணும்" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. இதை எழுதும்போதுகூடக் கோபம் வருகிறது. பத்து ரூபாய் பொருளுக்காக 11,500 ரூபாய்ச் சாமானைத் தூக்கிப் போடச் சொல்வது என்ன வியாபாரம்? நல்லவேளை, நாம் இருப்பது கோயமுத்தூர். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) கடைந்து தரச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "கன்மெட்டல் தேயாதுங்க, ஆனா கத்தும். நைலான்ல போட்டுக்கோங்க" என்றார். அரை மணி நேரத்தில் கடைந்து கொடுத்தார். கடைசி வரை அந்தப் புஷ்தான் ஓடியது, ஒரு மயிரிழை ஆட்டம் கிடையாது.

இன்னொரு குறை. முன்பின் தூரம்தான் குறைந்ததே தவிர, இடவல தூரம் அப்படியே இருந்தது. இரண்டு கேபிளில் ஒன்றுக்குத்தான் இந்த கிட் வேலை செய்கிறது. நீளம் குறைந்து அகலம் குறையாத பாதையில் கை பழகுவதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. அவசரத்தில் ஐந்திலிருந்து நாலுக்கு இழுக்கும்போது இரண்டில் விழுந்தால் எஞ்சின் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு விழவில்லை. விழுந்திருக்கலாம்.

இப்போது அப்பா விஷயம்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அப்பா. ஸ்டியரிங்கிலேயே கியர் இருந்த பழைய அம்பாசிடரில் ஆரம்பித்தவர். மாதாமாதம் கிருத்திகைக்கு அம்மாவை இந்த ஸ்விஃப்டில்தான் மருதமலைக்குக் கூட்டிப் போவார். சர்க்கரை வந்த பிறகு அவருக்கு இடது தோள்பட்டை இறுகிப்போயிருந்தது, அது எனக்கும் தெரியும். நம் வண்டிகளில் ஒன்றாவது கியர் டிரைவரை விட்டு விலகிய மூலையில், முன்னால் இருக்கிறது. கையை நீட்டி, வெளியே தள்ளி, முன்னால் அழுத்த வேண்டும். தோள் வலி இருக்கிறவருக்கு அதைவிடக் கெட்ட அசைவு கிடையாது. அதில்தான் நான் 43 சதவீதத்தை ஏற்றி வைத்தேன்.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வண்டி கொஞ்சம் கனமா இருக்குதப்பா" என்று ஒரே ஒருமுறை சொன்னார், ஸ்டியரிங்கைச் சொல்கிறார் என்று நினைத்து டயரில் காற்றுப் பார்த்தேன். அம்மாவை பஸ்ஸில் கூட்டிப் போக ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போன மாதம் கழற்றியதற்குக் காரணம் ரீங்காரமும் இல்லை, புஷ்ஷும் இல்லை. இது ஒன்றுதான்.

கழற்றியபோது சும்மா பழையதை மாட்டவில்லை. இரண்டு கேபிளும் புதிது, உடைந்திருந்த ஒரு எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) புதிது, கியர் ஆயில் மாற்றினேன். ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: கையேட்டில் கியர் ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4 மட்டும்தான். "ஜிஎல்-5 இதைவிட ஒசத்திங்க" என்று கடையில் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் இருக்கும் கந்தகச் சேர்க்கை பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாமல் போகலாம்.

மறுபடியும் ஸ்கேல் வைத்து அளந்தேன். 14 சென்டிமீட்டர். முன்பு 16 காட்டியதே இந்த லிவர்தான். அந்த இரண்டு சென்டிமீட்டரும் ஒன்பது வருஷம் ஓடித் தேய்ந்த கேபிள் முனையின் ஆட்டம். அத்தனை ஓடிய கேபிளைக் குறை சொல்ல முடியாது. நான்தான் அதைப் பார்க்காமல் லிவரைக் குறை சொன்னேன். கிட் குறைத்ததாக நான் நினைத்த ஐந்து சென்டிமீட்டரில் இரண்டு, கேபிளை மாற்றியிருந்தாலே குறைந்திருக்கும். கியர் இப்போது வெண்ணெய் மாதிரி விழுகிறது. எஞ்சின் மவுண்ட் மாற்றியதால் ஆக்ஸிலரேட்டரை விட்டு அழுத்தும்போது லிவர் குதிப்பதும் நின்றுவிட்டது. 80-ல் வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறை போனேன். அந்தச் சொடக்கு இல்லை. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கிட்டை மறுபடியும் மாட்டலாமா என்று மனசு கேட்டது. கிட் வீட்டில் பெட்டியில் இருக்கிறது, நைலான் புஷ்ஷோடு. விற்கப்போவதில்லை.

தம்பி, உனக்கு என் பதில்: வாங்காதே. ஏழாயிரத்துக்கும் வேண்டாம், நாலாயிரத்துக்கும் வேண்டாம். உன் வண்டியைச் சித்தியும் ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை கொண்டு வா. எஞ்சினை அணைத்து, மூன்றாவது கியரில் போட்டு, லிவர் தலையை இரண்டு விரலால் இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டிப் பார்ப்போம். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் சும்மா ஆடினால் கேபிள் முனைதான். பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நீ கிளட்சை மெல்ல விட்டு எடு, எஞ்சின் எவ்வளவு குலுங்குகிறது என்று நான் பார்க்கிறேன். ஸ்கேல் என்னிடம் இருக்கிறது. காலையில் பத்து மணிக்குள் வந்துவிடு, பதினொன்றுக்கு அப்பாவுக்கு வண்டி வேண்டும்.