குமுளியில "ஹார்ட் டிஸ்க் போயி"ன்னு சொன்னா உடனே காசை எடுத்து நீட்டிடாதீங்க

கேரளா இடுக்கி மாவட்டத்துல குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் கம்ப்யூட்டரை ரிப்பேருக்கு குடுக்குறவங்க இதை படிச்சுட்டு குடுங்க. புகார் போயிட்டு இருக்கிறதால கடை பேரை போடல.

எங்க மாமா தேனி மாவட்டம் கம்பத்துக்காரரு, குமுளியில சின்னதா ஏலக்கா கடை, காலைல மலை ஏறி சாயங்காலம் இறங்குற ஆளு. கடைல ஒரு பழைய சிஸ்டம், 2018ல மதுரைல அசெம்பிள் பண்ணது, கணக்கு வழக்கு மொத்தமும் டேலிங்குற கணக்கு சாஃப்ட்வேர்ல அதுக்குள்ளதான் கெடக்கு. மழைக்காலத்துல இடி மின்னல் வெட்டுச்சுன்னா பிளக்கையே புடுங்கி வச்சுட்டுதான் கிளம்புவாரு. அப்படி ஒருக்கா புடுங்கி வச்சுட்டு திரும்ப வந்து ஆன் பண்ணா கருப்பு ஸ்கிரீன்ல "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்"னு வந்து நிக்குது, அதாவது விண்டோஸ் இருக்க டிஸ்க்க காணோம்னு சொல்லுது.

பக்கத்துல இருக்க கடைக்கு தூக்கிட்டு போயிருக்காரு. அங்க இருந்தவன் ஸ்குரூவ கூட கழட்டல, "அண்ணாச்சி, ஹார்ட் டிஸ்க் போயி, டேட்டா எடுக்கணும்னா எர்ணாகுளம் அயக்கணும்"னு மலையாளம் கலந்து சொல்லிட்டான், டிஸ்க் போச்சு, எர்ணாகுளத்துக்கு அனுப்பணுமாம். வருஷக் கணக்கு உள்ள இருக்குன்னு மாமா பதறிட்டாரு, அவனுக்கு அது போதும்ல. புது டிஸ்க், டேட்டா ரெக்கவரி, 18 பர்சென்ட் ஜிஎஸ்டின்னு கூட்டி ₹10,700. பழைய டிஸ்க்க கேட்டதுக்கு "அது வேஸ்ட், ஸ்கிராப்புக்கு போயாச்சு"ன்னானாம். சிஸ்டம் என்னமோ நல்லாத்தான் ஓடுச்சு, டெஸ்க்டாப்ல ஐக்கான் கூட இருந்த எடத்துலயே இருந்துச்சாம், மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

அடுத்த இடிமழைக்கு மறுபடி பிளக்க புடுங்குனாரு, மறுபடி அதே மெசேஜ். இந்த தடவ எனக்கு போன் வந்துச்சு, நானே மேல போனேன். பயாஸ், அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டு செட்டிங், அதுக்குள்ள போயி பாத்தா தேதி 2018 ஜனவரின்னு காட்டுது, அங்கயே விஷயம் புரிஞ்சு போச்சு. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும்ல, சிஆர் 2032, அது கிட்டத்தட்ட செத்துப்போச்சு. பிளக் மாட்டியே இருந்தா கரண்ட்ல செட்டிங்ஸ் நிக்கும், ரொம்ப நேரம் புடுங்கி வச்சா எல்லாம் கம்பெனி செட்டிங்குக்கு போயிரும். மாமா சிஸ்டம் லெகசிங்குற பழைய பூட் முறையில விண்டோஸ் போட்டது, செட்டிங் யூஇஎஃப்ஐங்குற புது முறைக்கு மாறுனதும் டிஸ்க்ல பூட் பண்ண எதுவும் இல்லன்னு அது நெனச்சுக்குது. ஐம்பது ரூவா பேட்டரிய மாத்தி, தேதிய சரி பண்ணி, லெகசின்னு போட்டேன், ஓடிருச்சு.

அப்பறம்தான் சந்தேகம் வந்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு பாத்தேன், டிஸ்க்கோட நிலைமைய காட்டுற ஃப்ரீ சாஃப்ட்வேர்தான். "புது" டிஸ்க் ஓடுன நேரம் 21,000 மணிக்கு மேல! ஒரு நாளைக்கு பத்து மணி நேரம், வருஷத்துக்கு முன்னூறு நாள்னு வச்சா ஏழு வருஷ கடை ஓட்டம். மதுரை பில்லுல எழுதியிருந்த சீரியல் நம்பரோட ஒத்து பாத்தா அச்சு அசல் அதே நம்பர். அதாவது டிஸ்க்க மாத்தவே இல்ல, லேபிள் மேல அவன் கடை வாரண்டி ஸ்டிக்கர மட்டும் ஒட்டியிருக்கான், பயாஸ்ல ஒரு செட்டிங்க மாத்துனதுக்கு பத்தாயிரம். 2025 ஆரம்பத்துல ஜெர்மனில பழைய சீகேட் கம்பெனி டிஸ்க்குல ஓடுன மணிக்கணக்க அழிச்சுட்டு புதுசுன்னு வித்தது வெளிய வந்துச்சு, நம்மாளு அந்த மெனக்கெடு கூட படல.

டிஸ்க் நெசமாவே போறப்ப பெரும்பாலும் டிக் டிக்னு சத்தம் வரும், இல்ல பயாஸ் லிஸ்ட்லயே பேரு வராது, இல்ல அந்த சாஃப்ட்வேர்ல பச்சைக்கு/நீலத்துக்கு பதிலா மஞ்சளோ சிவப்போ காட்டும். பேரு லிஸ்ட்ல வருதுன்னா மொதல்ல தேதி, பூட் மோடு, பூட் ஆர்டர பாருங்க, சொருகி மறந்த பென் டிரைவ் இருந்தா கழட்டுங்க, கேபிள அமுக்கி விடுங்க. கடைக்கு குடுத்தே ஆகணும்னா டிஸ்க் லேபிள போட்டோ எடுத்து வச்சுட்டு குடுங்க, மாத்துனா பழசு எனக்கு வேணும்னு முன்னாடியே சொல்லிருங்க.

பில்லுன்னு குடுத்தது "எஸ்டிமேட்"னு போட்ட துண்டுச்சீட்டு. கேரளா ஜிஎஸ்டி நம்பர்னா 32ல ஆரம்பிக்கணும், இதுல நம்பரே கிடையாது, ஆனா வரி மட்டும் வாங்கியிருக்கான். கேக்க போனா "உங்க ஊருல போயி கேஸ் குடுங்க அண்ணாச்சி"ன்னு நக்கல் வேற. குடுக்கலாமே! 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்க மாவட்டத்துலயே போடலாம், இடுக்கிக்கு அலைய வேண்டாம், தேனியிலயே ஆகும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. சொந்தமா உழைச்சு பொழைக்கிற சின்ன கடைக்காரரும் நுகர்வோர்தான். இப்ப தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார பதிஞ்சாச்சு, ஜிபே ரசீது, சீரியல் நம்பர் போட்டோ எல்லாம் கையில இருக்கு.

அதுக்கப்பறம் அவனே போன் பண்ணி பாதி காசு தரேங்குறான். மாமா வாங்கிட்டு விட்ருவோமாங்குறாரு, நான் முழுசா வாங்காம விடக்கூடாதுன்னு சொல்லிட்டு இருக்கேன்.