டிராஃபிக்ல இன்ஜின் சூடாகாதுன்னு விக்கிற ஆயில் கூலர் கிட் வாங்கிடாதீங்க, எனக்கு 8,500 போச்சு

மெக்கானிக் ஷெட்ல இருந்து இப்பதான் வந்தேன், கையில ஆயில் பிசுக்குகூட போகல. நாளைக்கு எழுதலாம்னு விட்டா கோவம் ஆறிடும், அப்புறம் எழுதவே மாட்டேன், அதான் உடனே உக்காந்துட்டேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நம்மளது சாதாரண ஏர் கூல்டு சிங்கிள் சிலிண்டர் வண்டி. ரோடு காலியா இருந்தா ஒரு பிரச்சனையும் கிடையாது. ஜாம்ல மாட்டி ஊர்ந்து போக ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல கால் பக்கம் அனல் அடிக்கும், திராட்டில் கொடுத்தா உள்ள டிக் டிக்னு நாக்கிங் கேக்கும், இழுவை செத்துரும், ஐடிலிங் ஏறி இறங்கி விளையாடும், நியூட்ரல் விழாது. ஏர் கூல்டுன்னா ஓரளவு சூடாகத்தான் செய்யும், அது எனக்கும் தெரியும், ஃபின்ஸ் (சிலிண்டர சுத்தி இருக்கிற தகடு தகடான பட்டைகள்) மேல காத்து ஓடினாதான் சூடு வெளிய போகும், வண்டி நின்னா காத்தும் நின்னுடும். ஆனா முன்னாடி இவ்ளோ மோசமா இருந்ததில்ல.

அப்பதான் பைக் ஆக்சஸரீஸ் விக்கிற ஒரு ஆன்லைன் கடையோட விளம்பரம் கண்ணுல பட்டுச்சு (பேர் சொல்லல, சொன்னா பதிவையே தூக்க வச்சிடுவாங்க). ஆயில் கூலர் (இன்ஜின் ஆயில வெளிய எடுத்து காத்துல ஆற வச்சு திருப்பி அனுப்புற சின்ன ரேடியேட்டர்), ரெண்டு ஹோஸ், ஹோஸ இன்ஜினோட இணைக்கிற அடாப்டர், பின்னாடி ஒரு 12 வோல்ட் ஃபேன், சூடு ஏறினா தானா ஆன் ஆகுற சென்சர், எல்லாம் சேத்து ஒரே கிட். “டிராஃபிக்ல 30 டிகிரி குறையும், கியாரண்டி”னு போட்டிருந்தான். ஃபிட்டிங்கும் அவங்க ஆளே வந்து பண்ணுவாராம். எல்லாம் சேத்து 8,500.

நான் ஒண்ணும் பாத்த உடனே பணத்த அனுப்பல. போன் பண்ணி பேசினேன். அங்கதான் கவுந்தேன்னு சொல்லணும், ஏன்னா பேசினவன் பேசினதுல முக்காவாசி உண்மை. சுஸுகி 1985-லயே ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750-ல ஆயில வச்சே இன்ஜின கூல் பண்ணாங்க ப்ரோ, பிஸ்டனுக்கு அடியில ஆயில பீச்சி அடிப்பாங்கன்னான். கரெக்ட். ராயல் என்ஃபீல்டு 650-ல கம்பெனியே ஆயில் கூலர் வச்சுத்தான் தர்றான்னான். அதுவும் கரெக்ட். ஹார்லியோட பெரிய ஏர் கூல்டு வி-ட்வின் வண்டிகள்ல நிக்கும்போது சூடு ஏறினா பின் சிலிண்டர் மட்டும் ஃபயர் ஆகாம கட் பண்ற சிஸ்டம் இருக்கு, அவ்ளோ பெரிய கம்பெனிக்கே டிராஃபிக் சூடு பிரச்சனைன்னா நம்ம வண்டி எம்மாத்திரம்னான். அதுவும் உண்மைதான்! இவ்ளோ தெரிஞ்சவன் ஏமாத்துவான்னு யாருக்கு தோணும்?

அப்புறம் டாக்டர் கணக்கா கேள்வி கேட்டான். ஆக்ஸிலரேட்டர் விட்டதும் சைலன்சர்ல பட் பட்னு வெடிக்குதா? ஆமா. ஐடிலிங் ஒரு இடத்துல நிக்காம ஏறி இறங்குதா? ஆமா. பிளக் கழட்டி பாத்தீங்களா, முனை வெள்ளையா இருக்கா? ஆமாங்க. “அப்ப இது பக்கா ஓவர்ஹீட் கேஸ் ப்ரோ, நம்ம கிட் போட்டா எல்லாம் செட் ஆயிடும்.” இந்த மூணு கேள்விய ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வர்றேன்.

8,500 அனுப்பினேன். ஆள் வந்தான், டவுன் டியூப்ல (ஃப்ரேமோட முன்பக்க குழாய்), சிலிண்டருக்கு நேர் முன்னாடி கூலர மாட்டினான், ஹோஸ் இழுத்தான், பேட்டரில ஒயர் கொடுத்தான், ஃபேன் சுத்துறத காட்டினான், போட்டோ எடுத்துக்கிட்டான், போயிட்டான். பாக்க செமயா இருந்துச்சு, அத மறுக்கல.

சூடு குறையல. குறையலன்னா பரவால்ல, கூடிருச்சு. மொத மழையோட ஃபேனும் படுத்துருச்சு. அதுக்கு முன்னாடியே காலைல செல்ஃப் எடுக்காம பேட்டரி மக்கர் பண்ண ஆரம்பிச்சிருந்துச்சு, காரணம் சின்ன வண்டில ஐடிலிங்ல சார்ஜிங் வர்றதே கம்மி, அதுல ஃபேன ஓட்டினா பேட்டரிதான் காலியாகும், இத ஒருத்தனும் வாய தொறந்து சொல்லல.

இனிமேதான் கூத்து. சாட்ல கேட்டா “உங்க கருத்து எங்களுக்கு முக்கியம், டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க”. கூப்பிடல. திரும்ப கேட்டா பார்சல் பிரிச்ச வீடியோ கட் இல்லாம வேணுமாம். பார்சல் என் கைக்கே வரலடா, உங்க ஆள்தான் கொண்டுவந்து பிரிச்சான்னா, “அப்ப ஃபிட் பண்ணிட்டீங்க, ஃபிட் பண்ணின பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது”. ஃபிட் பண்ணினதும் நீங்கதான! ஃபேன் வாரண்டி கேட்டா தண்ணி பட்டிருக்காம், அதனால செல்லாதாம். பைக்ல இன்ஜின் முன்னாடி மாட்டுற ஃபேன்ல தண்ணி படக்கூடாதுன்னா வீட்டுக்குள்ளயா ஓட்டுறது? ஒயர கட் பண்ணிருக்கீங்கன்னு இன்னொரு நாள் சொன்னான், கட் பண்ணாம அத பேட்டரில கொடுக்கவே முடியாது. கடைசில “உங்க இன்ஜின்லதான் பிரச்சனை, எங்க கூலர் நல்லாதான் இருக்கு”ன்னு முடிச்சிட்டு, அடுத்த ஆர்டருக்கு 500 தள்ளுபடி கூப்பன் அனுப்பினான். 8,500 வாங்கிட்டு 500 கூப்பன். ரிவ்யூ போட்டேன், சாயங்காலமே காணோம். இப்ப அந்த முதல்ல பேசினவன் நம்பருக்கு அடிச்சா ரிங்கே போகல. மெயில்ல போட்ட கம்ப்ளைன்ட் கிணத்துல போட்ட கல்லு.

இன்னைக்கு தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோனேன். அவர் இன்ஜின நல்லா சூடேத்த விட்டுட்டு, கூலர் ஹோஸ தொட்டு பாரு தம்பின்னார். கிட்ட கை கொண்டு போக முடியாத அளவுக்கு ஹெட் (சிலிண்டரோட மேல் பாகம்) கொதிக்குது, ஹோஸ் ரெண்டும் சும்மா இருக்கு, சூடே இல்ல. ஆயில் ஓடினா ரெண்டும் சுட்டிருக்கணும், உள்ள போற ஹோஸ் கொஞ்சம் கூடுதலா, திரும்பி வர்றது கொஞ்சம் கம்மியா. கழட்டினோம். உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்ல. அடாப்டர்ல ஆயில் வெளிய வர்ற ஓட்டைய முழுசா துளை போடவே இல்ல, மேலாப்புல ஒரு குழி, அவ்ளோதான். அதாவது இத்தன நாளும் அது வெறும் ஷோ பீஸ், அதுவும் ஃபின்ஸ்க்கு வர வேண்டிய காத்த மறைச்சுக்கிட்டு நின்ன ஷோ பீஸ், சூடு கூடாம என்ன பண்ணும்? ஃபேன் ஸ்டிக்கர உரிச்சா அடியில கம்ப்யூட்டருக்குள்ள மாட்டுற ஃபேனோட லேபிள். இதுக்குத்தான் 8,500.

உண்மையான கோளாறு என்னன்னா இன்டேக் ரப்பர்ல வெடிப்பு. இன்ஜினுக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவுல இருக்குமே அது. அதுவழியா கணக்குல வராத காத்து உள்ள போயி மிக்ஸ்சர் லீன் ஆகி (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி), லீனா எரிஞ்சு இன்ஜின் கொதிக்குது. சைலன்சர்ல வெடிக்கிறது, ஐடிலிங் ஏறி இறங்குறது, பிளக் வெள்ளையா இருக்கிறது, மூணும் சேந்து வந்தா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது இததான்னு அண்ணன் அரை நிமிஷத்துல சொன்னார். அந்த போன்காரனுக்கு கேள்வி எல்லாம் தெரிஞ்சிருக்கு பாருங்க, பதிலும் தெரியாமயா இருந்திருக்கும்? கிட் விக்கணும்ல. ரப்பர் மாத்த செலவு ரொம்ப கம்மி. எக்ஸாஸ்ட் பக்கம் டேப்பட் (வால்வுக்கும் அத அழுத்துற பாகத்துக்கும் நடுவுல விடுற இடைவெளி) வேற டைட்டா இருந்துச்சு, அப்படியே விட்டிருந்தா வால்வு சரியா மூடாம கருகிப் போயிருக்கும்னார். ஆயில் கருத்து காந்தல் வாடை, அதையும் மாத்தியாச்சு. திரும்பி வரும்போது நல்ல ஜாம், நாக்கிங் சுத்தமா இல்ல.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், பொறுமை இல்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன். கூலர் கிட் வாங்கியே ஆகணும்னா ஆயில் எங்க வெளிய வருது, எங்க திரும்ப உள்ள போகுதுன்னு அடாப்டர கையில வாங்கி ஓட்டைல ஊதி பாருங்க. காத்து ஓடாத இடத்துல எந்த கூலரும் பெருசா கிழிக்காது. அதுக்கு முன்னாடி பிளக் கலர், இன்டேக் ரப்பர், இன்ஜின் ஆறின பிறகு டேப்பட், ஆயில் லெவல், ஃபின்ஸ் நடுவுல சேறு, இத பாத்துருங்க. ஆயில் மேனுவல்ல சொன்ன கிரேடுதான், பாட்டில்ல ஜாஸோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2னு (ஆயில்லயே ஊறுற பைக் கிளட்ச்சுக்கு ஏத்த ஆயில்ங்கிற தரக்குறி) போட்டிருக்கணும், கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் ஸ்லிப் ஆகலாம், அது தனி சூடு. ஜாம்ல ஹாஃப் கிளட்ச்லயே ஊராதீங்க, கொஞ்சம் கேப் விட்டு போங்க. ரொம்ப நேரம் நிக்கிற மாதிரி இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. கொதிக்கிற இன்ஜின் மேல தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, ஹெட் வளைஞ்சிடும், கிராக்கும் விடலாம்.

பணம் அனுப்பின ரசீது, சாட் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், பேங்க்ல டிஸ்பியூட் போடப் போறேன். இதே மாதிரி கிட் வாங்கி மாட்டிக்கிட்டவங்க இருந்தா மொதல்ல ஹோஸ தொட்டு பாருங்க, அப்புறம் சொல்லுங்க. 8,500ங்க!